ஊர் நிலத்துக்கு யார் சேஃப்டி ஆபீசர்? குடும்ப விவசாயத்தில் உயிரைக் காக்க 8 கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு முகவரி உண்டு. ஒன்று மும்பையில். இன்னொன்று, தாதரில் சாளுக்யா எக்ஸ்பிரஸ் ஏறினால் போய்ச் சேரும் திருநெல்வேலிப் பக்கத்திலோ, வேறு ஏதோ ஒரு மாவட்டத்திலோ. அங்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சையோ, மூன்று ஏக்கர் மானாவாரியோ இருக்கும். அப்பாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்வார். உரத்துக்கும் கூலிக்கும் இங்கிருந்து ஜிபே போகும்.

பிகேசி ஆபீஸில் உங்களுக்கு ஃபயர் டிரில் நடக்கிறது. ஃப்ளோருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கிறது. ஈர ஃப்ளோரில் மஞ்சள் போர்டு வைக்கிறார்கள். ஊர் நிலத்தில் விஷத்தன்மை உள்ள ரசாயனம், மும்முனை மின்சாரம், டிராக்டர், ஆழக் கிணறு, பாம்பு, வெயில் எல்லாமே இருக்கின்றன. அங்கே சேஃப்டி ஆபீசர் யார்? பெரும்பாலும் பதில்: யாரும் இல்லை.

சுரங்கம், கட்டுமானம் ஆகியவற்றோடு சேர்த்து, உலகின் மிக அபாயகரமான 3 தொழில்களில் ஒன்றாக விவசாயத்தை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகைப்படுத்துகிறது. இந்தியாவில் வேலை செய்வோரில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள் என்கிறது 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு. அப்படியானால், நாட்டின் மிகப் பெரிய 'பணியிடப் பாதுகாப்பு' பிரச்சினை ஃபேக்டரியில் இல்லை, வயலில் இருக்கிறது.

சுருக்கமாக:

• குடும்ப விவசாய நிலத்தை எந்தப் பணியிடப் பாதுகாப்புச் சட்டமும் நேரடியாகத் தொடுவதில்லை. பொறுப்பு குடும்பத்துடையது.

• பெரிய அபாயங்கள் ஐந்து: பூச்சிக்கொல்லி, மின்சாரம், இயந்திரம், பாம்பு, வெயிலும் மின்னலும்.

• இவற்றில் பலவற்றைக் குறைக்க ஆகும் செலவு, ஒரு வார இறுதியில் நீங்கள் வெளியே சாப்பிடும் பில்லை விடக் குறைவு.

• ஆண்டுக்கு ₹20 பிரீமியத்தில் ₹2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆனால் கிளெய்முக்கு மருத்துவமனைக் காகிதம் முக்கியம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இது பொருந்தும். தேயிலை, காபி மாதிரியான பெருந்தோட்டங்கள் இதற்குள் வரும். அப்பாவும், அம்மாவும், நடவுக்கு வரும் நாலு பேரும் உள்ள நிலம் வராது.

நம் நிலங்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி நாட்டில் 86 சதவீத நில உடைமைகள் 2 ஹெக்டேருக்கும் கீழ். தமிழ்நாட்டில் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே.

சர்வதேச அளவில், விவசாயப் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184-ஆம் உடன்படிக்கை 2001-ல் வந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சேர்ந்தாலும், வீட்டுத் தேவைக்கான விவசாயம் அதன் வரையறைக்கு வெளியேதான் நிற்கிறது.

கூலிக்கு வருபவரின் நிலை கொஞ்சம் வேறு. டிராக்டர் அல்லது மின்சார இயந்திரம் வைத்து நடக்கும் விவசாயத்தில் வேலை செய்பவரை 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தன் பட்டியலில் வைத்திருந்தது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆக, உங்கள் நிலத்தில் கூலி ஆளுக்கு அடிபட்டால் 'பாவம், அவன் நேரம்' என்று முடித்துவிட முடியாது. இழப்பீட்டுப் பொறுப்பு நில உரிமையாளர் தலையில் வரலாம். ஆனால் அதே இயந்திரத்தில் அப்பாவுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்க எந்த முதலாளியும் இல்லை. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே.

2. எத்தனை பேர் சாகிறார்கள்?

இங்கேதான் டேட்டா சிக்கல். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்களின் கணக்கை வெளியிடுகிறது. அதில் 'மின்சாரம் தாக்கி', 'மின்னல்', 'பாம்புக்கடி', 'விஷம்' என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. 'வயலில் வேலை செய்யும்போது' என்ற தலைப்பு இல்லை. ராத்திரி தண்ணி கட்டப் போனவரைப் பாம்பு கடித்தால் அது பாம்புக்கடி. மோட்டார் போடப் போனவர் ஷாக் அடித்து இறந்தால் அது மின்விபத்து. இரண்டுமே வேலையில் நடந்த மரணம் என்பது கணக்கில் காணாமல் போகிறது.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தாலே எண்கள் பெரிது. 2021-ல் நாடு முழுக்க மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். 2022-ல் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887. பாம்புக்கடி இன்னும் பெரிய கதை: 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் இருந்தவர்கள். ஏறத்தாழ பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை, அதனால்தான் அரசுக் கணக்கில் இவை சரியாக ஏறவில்லை.

கணக்கில் வராத பிரச்சினைக்கு பட்ஜெட்டும் வராது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததன் முக்கியத்துவம் இதுதான். இனி தனியார் மருத்துவமனையும் கணக்குச் சொல்ல வேண்டும்.

3. யவத்மாலில் 2017-ல் என்ன நடந்தது?

பூச்சிக்கொல்லி ஆபத்தைப் புரிந்துகொள்ள மகாராஷ்டிராவின் சமீபத்திய உதாரணம் விதர்பாவில் உள்ள யவத்மால். 2017 ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை, பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தார்கள். வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல். அந்த மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் பாதிக்கப்பட்டார்கள், 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதில் யாரும் விஷம் குடிக்கவில்லை. வேலை செய்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் அந்த ஆண்டு மட்டும் இப்படி? ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. பிடி பருத்தியின் எதிர்ப்பைத் தாண்டி இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகியது. அதனால் அடிக்கடி மருந்து அடிக்க வேண்டியிருந்தது. செடி வழக்கத்தைவிட உயரமாக, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கீழே பார்த்து அடிக்கும் மருந்தை முகத்துக்கு நேராக அடித்தார்கள். கைப்பம்புக்குப் பதிலாக, அதிக வேகத்தில் நுண்துளியாகப் பீய்ச்சும் மோட்டார் தெளிப்பான்கள் வந்திருந்தன. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்தார்கள். நாள் கூலிக்குத் தெளிப்பவர்கள் ஒரு வயல் முடித்து அடுத்த வயல் என்று, புழுக்கத்தில், நனைந்த சட்டையோடு பல மணி நேரம் வேலை செய்தார்கள். உடம்பில் விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோலினெஸ்டிரேஸ் ரத்தப் பரிசோதனை வசதி உள்ளூரில் இல்லாததும் பெரிய குறையாகப் பேசப்பட்டது.

அதே ஆண்டு தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இறந்தார்கள். இது 'படிப்பறிவில்லாத விவசாயி கவனமாக இல்லை' என்ற கதை இல்லை. பயிர், பூச்சி, கருவி, வானிலை, கூலி முறை, மருத்துவமனை ஆகிய ஆறும் ஒரே சமயத்தில் கைவிட்ட கதை. இதில் நாலைந்து விஷயங்களை நிலத்துக்காரரால் மாற்ற முடியும்.

4. அப்போ மருந்து அடிக்கிற நாளில் என்ன செய்யணும்?

முதலில் சொல்லே தப்பு. நாம் அதை 'மருந்து' என்கிறோம், 'மருந்தடிக்கப் போறேன்' என்கிறோம். டப்பாவில் இருப்பது விஷம். அந்தச் சொல் தரும் தைரியத்தில்தான் பல பேர் வெறும் கையால் கலக்குகிறார்கள்.

ஆபீஸ் சேஃப்டி டிரெய்னிங்கில் 'கட்டுப்பாட்டுப் படிநிலை' என்று ஒரு ஸ்லைடு பார்த்திருப்பீர்கள். அபாயத்தை நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் அபாயத்துக்கும் நடுவே தடுப்பு வை, பிறகு வேலை முறையைத் திருத்து, கடைசியாக மாஸ்க், கிளவுஸ். ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. 'மாஸ்க் போடுப்பா' என்பதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. சரியான வரிசை இப்படி இருக்கும்:

அடிக்கவே வேண்டுமா? உரக்கடைக்காரர் சொன்னார் என்பதற்காக அடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அவருக்கு அது வியாபாரம். பயிரின் படத்தை வாட்ஸ்ஆப்பில் வேளாண் அலுவலருக்கோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பிக் கேட்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி ஆகியவற்றால் ஒரு தெளிப்பு குறைந்தாலும் லாபம்.

குறைந்த விஷம் உள்ளது கிடைக்குமா? டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை, குறைவு என்றுதான் அர்த்தம். சிவப்பு வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸின் பரவலான 36 சதவீதக் கரைசலை மத்திய அரசு 2023-ல் விலக்க உத்தரவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் இனி அதைப் பயன்படுத்த வேண்டாம். களைக்கொல்லியான பாராகுவாட் உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அடிக்கும் முறை: காலையிலோ மாலையிலோ, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி. செடி நெஞ்சுக்கு மேல் வளர்ந்திருந்தால் பழைய முறையில் அடிக்கக் கூடாது. கம்பால் கலக்குங்கள், கையால் வேண்டாம். அடைத்த நாசிலை வாயால் ஊதுவது இன்னும் பல ஊரில் நடக்கிறது, அதற்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும். லேபிளில் சொல்லாத கலவை வேண்டாம். ஒரே ஆள் நாள் முழுக்க அடிக்கக் கூடாது. தெளித்த வயலில் அன்றைக்கே களை எடுக்க ஆள் இறக்கக் கூடாது. இதில் அதிகம் பாதிக்கப்படுவது பெண்கள்.

கடைசியாக உடை: முழுக்கை, ரப்பர் பூட்ஸ், நைட்ரைல் கிளவுஸ், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, அதற்குரிய ஃபில்டர் மாஸ்க். தலைத்துண்டை மூக்கில் கட்டுவது பாதுகாப்பு இல்லை. அது மருந்தில் நனைந்து, விஷத்தை மூக்கிலேயே பிடித்து வைக்கும். பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'கிசான் கவச்' என்ற உடை 2024 டிசம்பரில் அறிமுகமானது. பூச்சிக்கொல்லியைத் துணியிலேயே செயலிழக்க வைக்கும் இதன் விலை அப்போது ₹4,000. துவைத்துத் துவைத்துப் போடலாம்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், அப்புறம்தான் பீடி, டீ, சாப்பாடு. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறப் போடக் கூடாது, துவைக்கும் அம்மாவுக்கும் விஷம் ஏறும். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

மிச்ச மருந்தைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள். இது குழந்தைகளுக்காக மட்டும் இல்லை. மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. அப்படி யாராவது தவித்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அறிகுறிகள்: எச்சில் ஊறுதல், அதிக வியர்வை, கண்ணில் நீர், கண்மணி சுருங்குதல், வாந்தி, தசைத் துடிப்பு. உடனே உடையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். டப்பாவையோ அதன் லேபிள் படத்தையோ டாக்டரிடம் காட்டுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை. டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையம் 1800-116-117.

5. மோட்டார் ரூமிலும் கிணற்றிலும் என்ன ஆபத்து?

மழைக்காலத்தில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்துவதுதான் அன்றாட ஆபத்து. பழைய ஸ்டார்ட்டர் பெட்டி, ஜாயின்ட் போட்ட ஒயர், எர்த்தே இல்லாத மோட்டார். தீர்வு பெரிய விஷயம் இல்லை: எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிபார்த்து, மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்சிசிபி போட வேண்டும். காலுக்கு அடியில் ரப்பர் பாயோ காய்ந்த பலகையோ போடுங்கள். தொங்கும் மின்கம்பி, சாய்ந்த கம்பம் பற்றித் தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யலாம். அதை மும்பையில் இருந்தே நீங்கள் செய்யலாம்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் விடுவது குற்றம். பன்றிக்கு வைத்த வேலியில் பக்கத்து நிலத்துக்காரர் விழுந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். தொட்டு இழுக்கப் போகிறவர் இரண்டாவது ஆளாக விழுவார்.

கிணற்றிலும் இதே விதிதான். தூர் வார, மோட்டார் தூக்க ஆள் இறங்கும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு வாசனையே கிடையாது. உள்ளே ஒருவர் மயங்கினால் பதறிப்போய் அண்ணன் இறங்குவார், பிறகு தம்பி. ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இரண்டு பேர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. மயங்கினால் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

6. டிராக்டர், கதிரடிக்கும் மெஷின்?

டிராக்டர் சாவுகளில் கவிழ்வது முக்கியம்: வரப்பு ஏறும்போது, வாய்க்கால் ஓரத்தில், பாரம் ஏற்றிய டிரெய்லரோடு. மட்கார்டில் ஆள் உட்கார்ந்து வருவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம், கவிழ்ந்தால் முதலில் சக்கரத்துக்கு அடியில் போவது அவர்தான். டிரைவருக்கு மட்டுமே இடம் என்பதை விதியாக வையுங்கள். டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓ தண்டுக்கு மூடி இல்லாவிட்டால் வேட்டி, சேலை, துப்பட்டா எது சிக்கினாலும் நொடியில் இழுத்துவிடும். மூடியைக் கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன விபத்துகள் வட இந்தியாவில் அதிகமானதால்தான் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது. தயாரிப்பின் தரம், கதிர் ஊட்டும் வாய், காயமடைந்தவருக்கு இழப்பீடு ஆகியவை அதில் இருக்கின்றன. பழைய மெஷினை வாடகைக்கு எடுப்பதற்கு முன் கதிர் ஊட்டும் வாய் நீளமாக, மேலே மூடப்பட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கை எட்டக் கூடாது. குடித்தவரை மெஷின் பக்கம் விடக் கூடாது. இரவு அறுவடையில் வெளிச்சம் வேண்டும்.

பிள்ளைகள் பற்றி ஒரு வரி: 2016 திருத்தத்துக்குப் பிறகும் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத வேலையில் மட்டுமே குடும்பத்துக்கு உதவலாம். லீவுக்கு ஊருக்குப் போகும் உங்கள் பையன் டிராக்டரில் ஏறி எடுக்கும் ரீல்ஸ் அந்த வகையில் வராது.

7. பாம்பு கடித்தால்?

நம் பக்கத்து மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நால்வர்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இரவில் தண்ணி கட்டப் போவதுதான் அதிக ஆபத்தான நேரம். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் ஓடும் என்பதால் பலருக்கு வேறு வழி இல்லை. நல்ல டார்ச், முழங்கால் வரை பூட்ஸ், கையில் தட்டிப் பார்க்க ஒரு கம்பு: இந்த மூன்றும் ஒரு சீசனுக்குச் செய்யும் மிகச் சிறந்த முதலீடு. வைக்கோல் போர், விறகு, கல் குவியலில் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். வெறுந்தரையில் படுப்பதைத் தவிர்த்து, கட்டிலில் கொசுவலை கட்டிப் படுத்தால் கட்டுவிரியனிடமிருந்தும் பாதுகாப்பு.

கடித்தால்: கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. நால்வருக்கும் ஒரே கூட்டு மாற்று மருந்துதான் கொடுப்பார்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலும் போகலாம், அதனால் 'ஒண்ணும் இல்ல' என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

இந்த மாற்று மருந்தின் பாதையே ஒரு தமிழ்-மும்பைக் கதை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷம்தான் நாட்டின் மாற்று மருந்தில் பெரும்பங்குக்கு மூலப்பொருள். அதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்றான ஹாஃப்கின் மும்பை பரேலில் பிறந்தது. தாராவியிலிருந்து சில ஸ்டேஷன் தூரம். பாம்புக்கடி மரணத்தை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியத் திட்டம் ஒன்றையும் வெளியிட்டது.

உங்கள் ஊருக்கு அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் இந்த மருந்தும் டாக்டரும் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். கடித்த பிறகு தேடினால் அந்த ஒரு மணி நேரம் திரும்ப வராது.

வெயில், மின்னலையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கோடையில் வேலையை விடியலுக்கு நகர்த்துவது, நிழல், தண்ணீர், ஓஆர்எஸ். கழிப்பறை இல்லாததால் வயலில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்கள் நிறைய, அவர்களைக் கேட்காமல் 'தண்ணி குடிங்க' என்பது அரை அறிவுரை. மின்னலுக்கு, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் முன்கூட்டியே எச்சரிக்கை தரும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், வீட்டுக்குள் போய்விடுங்கள்.

8. மும்பையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

முதலில் காப்பீடு. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு ₹20, விபத்து மரணத்துக்கு ₹2 லட்சம். வங்கிக் கணக்கில் இருந்து மே மாதக் கடைசியில் பணம் எடுக்கிறார்கள், அப்போது பேலன்ஸ் இல்லாவிட்டால் பாலிசி போய்விடும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடியாகச் சேர்த்த மருத்துவமனைப் பதிவு வேண்டும். நேராக நாட்டு வைத்தியரிடம் போனால் உயிர் மட்டும் இல்லை, கிளெய்மும் போகும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது 5 ஏக்கர் புஞ்சை வரை உள்ள சிறு, குறு விவசாயிகளும், 18 முதல் 65 வயது விவசாயத் தொழிலாளர்களும் இதில் சேரலாம். அட்டை இருக்கிறதா என்று விஏஓ-விடம் கேளுங்கள். நிலம் மகாராஷ்டிராவில் என்றால் கோபிநாத் முண்டே விவசாயி விபத்து நிதி உண்டு. விவசாயிக்கும் குடும்பத்தில் இன்னொருவருக்கும், விபத்து மரணத்துக்கு ₹2 லட்சம்.

அடுத்து, ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி நிலத்தைச் சுற்றி வாருங்கள். இந்தப் பட்டியல் போதும்:

• மருந்துப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா? சிவப்புக் கட்ட டப்பா ஏதாவது மிச்சமா?

• கிளவுஸ், பூட்ஸ், மாஸ்க்: கூலி ஆளுக்கும் சேர்த்து இருக்கிறதா?

• மோட்டாருக்கு எர்த், ஆர்சிசிபி?

• கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், நல்ல கயிறு?

• டார்ச், அதற்குச் சார்ஜ்?

• 108, சுகாதார நிலையம், எலெக்ட்ரீஷியன், பக்கத்து வயல்காரர் எண்கள் மோட்டார் ரூம் சுவரில் பெரிய எழுத்தில்?

• தனியாகப் போகும்போது 'போறேன், இத்தனை மணிக்கு வருவேன்' என்று வீட்டில் சொல்லும் பழக்கம்?

இதில் கடினமானது சாமான் வாங்குவது இல்லை, பேச்சு. '40 வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல' என்பார் அப்பா. அது உண்மைதான். ஆனால் 40 வருஷம் முன் இருந்த பம்பு வேறு, பயிர் வேறு, அவர் வயதும் வேறு. 'நீங்க தப்பா பண்றீங்க' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். 'மருந்தடிக்க வர்றவருக்கு ஏதாவது ஆனா நம்மதான பதில் சொல்லணும்' என்று தொடங்கிப் பாருங்கள். தனக்காகப் போடாத கிளவுஸை, அடுத்தவன் குடும்பத்துக்காக வாங்கி வைக்கும் மனசு நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. வாங்கி வைத்துவிட்டால் பிறகு அவரும் போடுவார்.

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். மருந்துத் துணி துவைப்பவர், தெளித்த வயலில் களை எடுப்பவர், ராத்திரி அப்பா திரும்பவில்லை என்றால் முதலில் தேடிப் போகிறவர் அவர்தான். நிலத்தில் எங்கே என்ன ஆபத்து என்று அவருக்குத்தான் அதிகம் தெரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த முறை உரத்துக்குப் பணம் அனுப்பும்போது கூடவே ஒரு ₹1,500 சேர்த்து அனுப்பி, அது பூட்ஸுக்கும் கிளவுஸுக்கும் டார்ச்சுக்கும் என்று சொல்லுங்கள். பில்லின் போட்டோவையும் கேளுங்கள்.